எட்டாவது லெவல்

இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு என் அப்பா தன் வாழ்க்கைக்கு ஒரு எண் சொன்னார். கேட்டது நான்தான். பத்துக்கு எட்டு என்றார். அந்த எட்டு நல்ல எட்டா, கெட்ட எட்டா என்பதுதான் இவ்வளவு நாளாக என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்வி. கணக்கில் முதுகலை முடித்து, பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற ஒருத்திக்கு எட்டு என்றால் என்னவென்று தெரியவில்லை என்றால் நான்கு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. சுரங்கத்தை மூடியபோது நான் ஒன்றாம் வகுப்பு. அதுவரை அப்பா கீழே இறங்கி வேலை பார்த்தவர். மூடிய பிறகு எல்லோரையும் போல அவரும் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போக ஆரம்பித்தார். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். நான் பெரியவளாகிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் அதே ரயிலில் நானும் போனேன். அப்பா தன் சீட்டாட்டக் கூட்டத்தோடு ஒரு பெட்டியில், நான் பெண்கள் பெட்டியில். பங்காருபேட்டையில் வண்டி நிற்கும்போது மட்டும் அவர் இறங்கி வந்து ஜன்னல் வழியாக என்னிடம் டீயை நீட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். பேச்சுக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். வீட்டில் வாயாடி நான் ஒருத்திதான்.

கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முதுகலை முடிக்கும்போது ஒரு சலிப்பு வந்துவிட்டது. கணக்குத் துறையில் ஆளே இல்லாத கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு ஆள் இருக்கிற கணக்கு வேண்டும் என்று தோன்றியது. அதனால் மாடியிலிருந்த கணக்குத் துறையிலிருந்து கீழ்த்தளத்திலிருந்த பொருளாதாரத் துறைக்கு மாறினேன். கணக்குத் துறைக்காரர்கள் நான் ஏதோ கெட்டுப்போய்விட்ட மாதிரிப் பார்த்தார்கள். பொருளாதாரத் துறைக்காரர்களோ, கணக்கு தெரிந்த பெண் கிடைத்தாளே என்று தங்களுக்கு வராததையெல்லாம் என் தலையில் கட்டினார்கள். எனக்கு இரண்டுமே சந்தோஷமாகத்தான் இருந்தது.

எனக்கு கைடாக அமைந்த மேடம் மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். நல்ல மனுஷி, நாக்கு மட்டும் கொஞ்சம் கூர். அவர் வகுப்பில் முதலில் கற்றுக்கொண்ட விஷயம் இதுதான். ஒருவருக்கு ஒன்று எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பொருளாதாரத்தில் எண்ணாக எழுதுவார்கள். இட்லிக்கு இரண்டு, தோசைக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். இட்லிக்கு இருபது, தோசைக்கு ஐந்நூறு என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுதான். எண் முக்கியமில்லை, எது மேலே எது கீழே என்ற வரிசை மட்டும்தான் முக்கியம். வரிசை கலையாத வரை எண்ணை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம், சுருக்கலாம். வரிசை தலைகீழானால் மட்டும் நாம் வேறு யாரோ ஓர் ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். கணக்கிலிருந்து வந்தவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்கள் மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தபோது நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது எங்கள் ஊரையேதான். ஓர் ஊருக்கே சோறு போட்ட வேலை நின்றுபோனால் அந்த வேலையைச் செய்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்பது கேள்வி. வருமானம், உடம்பு, படிப்பு என்று கேட்பதற்கு நிறைய இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கேள்வி, மொத்தமாகப் பார்த்தால் உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று. உலகம் முழுக்க இதை ஏணியை வைத்துத்தான் கேட்கிறார்கள். துறையில் ஏற்கெனவே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பு கிடந்தது. ‘தங்கள் வாழ்வினை ஓர் ஏணியாகக் கற்பனை செய்துகொள்க, அதன் உச்சிப்படி தங்களுக்குச் சாத்தியமான மிகச் சிறந்த வாழ்வைக் குறிக்கிறது எனில்’ என்று போகும் அது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை எங்கள் லைனில் போய் வாசித்தால், “இன்னாமா, ரேடியோல சேதி படிக்கிறியா?” என்று கேட்பார்கள். கதவைச் சாத்திவிட்டுப் போனாலும் போவார்கள். ஏணி வேண்டாம், எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் இருக்கிறது, லெவல், அதைப் போடுகிறேன் என்று கேள்விகளைச் சரிபார்க்கும் துறைக் குழுவின் முன்னால் மல்லுக்கு நின்றேன். சர்க்கரை எந்த லெவல், பிரஷர் எந்த லெவல் என்று கிழவர்கள்கூடப் பேசுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ‘அவன் லெவலே வேற’ என்கிறார்கள். இதைவிட எளிய சொல் எங்கே கிடைக்கும்? அவர்களுக்குத் தமிழ் தெரியாது, என் வாய்க்குப் பதில் சொல்லவும் தெம்பில்லை. சரி என்று விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றையும் மாற்றினேன். எதிரில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரிடம் ‘மிகச் சிறந்த வாழ்க்கை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது. அதனால் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, ‘பத்துதான் கடைசி லெவல்’ என்று போட்டேன். கடைசி என்றால் உச்சி என்பது எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்திருந்தது.

புதுக் கேள்வியை முதலில் ஓரிருவரிடம் கேட்டுப் பார்ப்பது வழக்கம். ஆராய்ச்சியில் அந்தப் பதில்கள் சேராது, கேள்வி புரிகிறதா என்று பார்ப்பதற்காக மட்டும். என் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவர் அப்பா. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஸ்வெட்டரோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போது வாட்ச்மேன் வேலையை விட்டிருந்தார். இருமல் இருந்தது. எங்கள் லைனில் அந்த வயது ஆண்கள் எல்லோருக்குமே இருமல் உண்டு. யார் இருமுகிறார்கள் என்று வீட்டுக்குள்ளிருந்தே ஆளைச் சொல்லிவிடுவோம்.

“ப்பா, ஒரு கேள்வி கேப்பேன். ஆராய்ச்சிக் கேள்வி. சிரிக்காம பதில் சொல்லணும்.”

“கேளு.”

“மொத்தமா பாத்தா, உன் வாழ்க்க இப்ப எந்த லெவல்ல கீது? ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும். பத்துதான் கடைசி லெவல்.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவர் அப்படி நேராகப் பார்ப்பது அபூர்வம்.

“எட்டு.”

“எட்டா?”

“எட்டுதாம்மா. பத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.”

“சூப்பர்பா!” என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன். கேள்வியைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை, அர்த்தம் கேட்கவில்லை, தயங்கவில்லை. என் சொல் வேலை செய்கிறது. மேடத்துக்கு உடனே செய்தி அனுப்பவேண்டும் என்று போனைத் தேடி உள்ளே ஓடினேன். அதோடு, அப்பா எட்டில் இருக்கிறார். வாழ்நாளில் பாதியை இருட்டிலும் மீதியைக் கேட்டுக்கு முன்னால் ஸ்டூலிலும் கழித்த மனிதர், இன்னும் கொஞ்சம் ஏறினால் உச்சி என்கிறார். அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். நெஞ்சில் கோளாறு என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் அது எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது ஆஸ்பத்திரியில் படம் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சுரங்கத் தூசி நுரையீரலில் கல்லாக இறுகியிருந்தது. முன்பே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் சிரமமில்லாமல் வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மூச்சுக்குத் தவித்தபடியே ஒரு வாரம் இருந்தார். அந்த வாரத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

சாவு வீட்டில் உறவுக்காரப் பெண்கள், பாவி மனுஷன் ஒரு சுகமும் காணாமல் போய்விட்டாரே என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்குக் கோபம் வந்தது. இல்லை, அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், பத்துக்கு எட்டில் இருந்தார், அவர் வாயாலேயே என்னிடம் சொன்னார் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். படித்த பெண் துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறாள் என்று அவர்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அம்மா மட்டும் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். நான் அழவில்லை. அழத் தேவையில்லை என்று உண்மையாகவே நினைத்தேன்.

அந்த எட்டைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குத் திரும்பினேன். சாம்பியன் ரீப்ஸிலும் பக்கத்துக் குடியிருப்பான ஸ்கெலட்டனிலும் லைன் லைனாக நடந்தேன். காற்றடித்தால், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிக் குவித்த சயனைட் மேட்டு மண் பறந்து வந்து பல்லில் கரகரக்கும், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். “யாரு பொண்ணு நீ?” என்று கேட்பார்கள். அப்பா பெயரைச் சொன்னால் ஸ்டூலைத் தூசி தட்டிப் போடுவார்கள். கிழவர்களிடம் லெவல் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அப்பாவிடம் கேட்பது போலவே இருக்கும். ஏழு, எட்டு, பத்து என்று சொல்வார்கள். ஒவ்வொரு பெரிய எண்ணுக்கும் என் நெஞ்சு நிறையும். பிள்ளைகள், அந்த ரயிலில் போய் வருகிறவர்கள், நான்கு ஐந்துக்கு மேல் வரமாட்டார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு எதிலும் திருப்தி கிடையாது என்று நானே மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிக் கணக்குப் போட்டபோது வந்த விடை விசித்திரமாக இருந்தது. உடம்பு எவ்வளவுக்கு மோசமோ, அவ்வளவுக்கு வாழ்க்கை மேலே. மூச்சுவிட முடியாதவர்கள் எல்லோரையும்விட நிறைவாக இருந்தார்கள். கழித்தல் குறி வரவேண்டிய இடத்தில் கூட்டல் குறி நின்றது. எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று நிரலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். தப்பே இல்லை. மேடத்துக்கு ஒரே உற்சாகம். கஷ்டத்துக்கு மனிதர்கள் பழகிப்போகிறார்கள், எதிர்பார்ப்பு குறையக் குறைய நிறைவு கூடுகிறது என்று முன்பே சிலர் எழுதியிருக்கிறார்கள், நம்முடையது அதைவிட அழுத்தமாக இருக்கிறது என்றார். துறைக் கருத்தரங்கில் பேசச் சொன்னார். பேசினேன். ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறிய மனிதர்கள், திருவிழா, பக்கத்து வீட்டுக் குழம்பு என்று என்னென்னவோ காரணம் சொன்னேன். கைதட்டினார்கள். அப்பாவின் எட்டுக்கு ஒரு பல்கலைக்கழகமே சாட்சி சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு ஒருநாள் ஸ்கெலட்டனில் ஒரு வீட்டுக்கு மறுபடி போகவேண்டி வந்தது. முதல் தடவை ஒரு கேள்வியை விட்டிருந்தேன். அந்தப் பெரியவர் அப்பாவைப் போலவே கீழே வேலை பார்த்தவர். முன்பு வாசலில் உட்கார்ந்து பதில் சொன்னவர் இப்போது கட்டிலில் கிடந்தார், மூக்கில் ஆக்சிஜன் குழாய். அவர் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். விட்டுப்போன கேள்வியைக் கேட்க மனம் வராமல், சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது.

“அந்த லெவல் கேட்ட பொண்ணுதான நீ? அப்ப இன்னா சொன்னேன், ஆறா? இப்ப மாத்திக்கமா. பத்து.”

“பத்தா தாத்தா?”

“கடைசி லெவலு. இதுக்குக் கீழ தோண்ட எடம் இல்ல.”

எனக்குப் புரியவில்லை. “கீழயா?” என்று கேட்டேன்.

“லெவல்னா கீழதாம்மா. மேல வர்றதுக்கு கேஜு இல்ல வேணும்?” என்று சிரிக்கப் பார்த்தார். அவர் மனைவி, “பேசாதீங்க, மூச்சு வாங்குது பாருங்க” என்று அதட்டினார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கேஜ் என்பது ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு. சுரங்கத்தில் லெவல்களை மேலிருந்து கீழே எண்ணுவார்கள். தரைக்குக் கொஞ்சம் கீழே ஒன்று, அதற்கும் கீழே இரண்டு. எண் ஏற ஏற ஆழம், சூடு, இருட்டு. பெரிய எண்ணுக்கு அனுப்பப்பட்டவன் வீட்டில் அன்றைக்குப் பேச்சு குறைவாக இருக்கும். கடைசி லெவல் என்றால் அதற்கப்புறம் பாறைதான்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? தாய்ப்பாலோடு கேட்டு வளர்ந்தது. லைனில் கிழவர்கள் இரண்டு பேர் கூடினால் எந்த லெவலில் யார் வேலை பார்த்தார்கள் என்பதுதான் பேச்சு. ஆனால் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்கில் வரைபடம் வரைந்து வரைந்து, பெரிய எண் மேலே, சின்ன எண் கீழே என்று என் கண் பழகியிருந்தது. எங்கள் ஊர்ச் சொல் என்று நான் சண்டை போட்டு வாங்கிய சொல் என் வாயில் ஏற்கெனவே தலைகீழாகியிருந்தது. ஏணி என்றே கேட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். அந்த வீட்டிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. தெருமுனைக் குழாயடியில் உட்கார்ந்து, கிழவர்கள் சொன்ன ஏழுகளையும் எட்டுகளையும் பத்துகளையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு என் கேள்வித்தாளை எடுத்துப் புரட்டினார். நான்தான் அவசரப்பட்டேன். “பதினொன்றிலிருந்து கழித்துவிட்டால் சரியாகிவிடும் மேடம். பத்து ஒன்றாகும், எட்டு மூன்றாகும். வரிசை நேராகிவிடும்.” அவர் தலையாட்டவில்லை. “யார் மேலிருந்து எண்ணினார்கள், யார் கீழிருந்து எண்ணினார்கள் என்று உனக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது. பிள்ளைகள் ‘அவன் லெவலே வேற’ என்கிற கட்சி. கிழவர்களிலும் எல்லோரும் ஒரே மாதிரி எண்ணினார்கள் என்று எப்படிச் சொல்வது? “அப்படியானால் திரும்பப் போய்க் கேள்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் அப்பாவைப் பற்றி அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். பத்து என்றால் ரொம்ப நல்லா இருக்கு, ஒன்று என்றால் ரொம்ப மோசம் என்று பச்சையாகச் சொல்லிக் கேட்டேன். கிழவர்கள் பலர், “அப்ப முன்ன சொன்னது தப்பாச்சே” என்று இரண்டுக்கும் மூன்றுக்கும் இறங்கினார்கள். நான் மனம் நிறைந்து குறித்துக்கொண்ட பத்துகள் என் கண்ணெதிரே ஒன்றொன்றாகச் சரிந்தன. ஆனால் எல்லோரும் இறங்கவில்லை. ஒருவர் முன்பும் ஏழு, இப்போதும் ஏழு. பேரனுக்கு பேங்க் வேலை கிடைத்திருக்கிறது, அதனால் ஏழு என்றார். ஆக, மேல்நோக்கி எண்ணின கிழவர்களும் இருந்தார்கள்.

அந்த ஏழுதான் என்னைப் படாத பாடு படுத்தியது. அவர் மேல்நோக்கி எண்ணலாம் என்றால் அப்பாவும் எண்ணியிருக்கலாம். அப்பா சுரங்கத்தில் இருந்ததைப் போலவே அந்த அடுக்குமாடிக் கட்டடத்திலும் நிறைய வருடம் இருந்தார். அங்கே எண்கள் மேலே ஏறும். பெரிய எண்ணில் பணக்காரர்கள் இருப்பார்கள். லிப்டில் அவரே எத்தனை தடவை பொத்தானை அழுத்தியிருப்பார்? ரயிலில் போகும்போதும் வரும்போதும் இதே விசாரணைதான். ஒருநாள் என் மனசில் அவர் மேலே இருந்தார், அடுத்த நாள் கீழே இருந்தார். பத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றாரே, அது ஏறுகிறவன் பேச்சா, இறங்குகிறவன் பேச்சா? அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது எதற்கு? மற்ற எல்லோரிடமும் திரும்பப் போய்க் கேட்க முடிந்தது. அவரிடம் மட்டும் முடியவில்லை. கருத்தரங்குகளில் மற்றவர்கள் ஆராய்ச்சியைக் கிழித்துத் தொங்கவிடுகிற எனக்கு, ஒரே ஓர் எண்ணின் அர்த்தம் தெரியாமல் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

கேட்பதற்கு ஒருவர் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அம்மா. கேட்கப் பயம். தெரியாத வரைக்கும் பாதியாவது நல்ல எட்டு அல்லவா?

கடைசியில் ஒரு தண்ணீர் நாளில் கேட்டேன். எங்கள் லைனில் குழாயில் தினமும் தண்ணீர் வராது, வருகிற அன்று காலையிலேயே எல்லா வேலையையும் போட்டுவிட்டுப் பிடிக்கவேண்டும். அம்மா நீல டிரம்முக்குள் டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குடங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், ஏதோ ஞாபகம் வந்தது போலக் கேட்டேன்.

“ம்மா, அப்பா ஒருநாள் எங்கிட்ட எட்டாவது லெவல்னு சொன்னாரே. உனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அது மேல இருந்தா, கீழ இருந்தா?”

அம்மா டியூபை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். என்னைப் பார்க்கவில்லை.

“இத்தினி நாளு கழிச்சிக் கேக்கிற.”

“சொல்லும்மா.”

“கீழதான். வேற இன்னா? அன்னிக்கு நீ உள்ள ஓடினதும் என்னக் கூப்ட்டாரு. ‘எட்டாவது லெவல்ல கீறேன்னு சொல்றேன், சூப்பருன்னு தட்டிட்டு ஓடுது உம் பொண்ணு’ன்னு சிரிச்சாரு. சிரிச்சதுல இருமல் புடிச்சிகிச்சி. துணியில ரத்தம். அதுக்கு முன்னாடியே வந்துகினு இருந்துது, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. நீ கேட்டதும் சொல்லணும்னு தோணிகீது அவுருக்கு. சொல்லிட்டாரு.”

குடம் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

“நான் சொன்னேன், அதுக்குப் புரியல, கூப்ட்டு வெவரமா சொல்லுங்க, பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவும்னு. வாணாம்னுட்டாரு. ‘அது மூஞ்சியப் பாத்தியா? எம்மாம் சந்தோஷமா ஓடுது. அத நான் கெடுக்க மாட்டேன்’னாரு.”

“நீ சொல்லிருக்கலாம்ல? அவரு போனப்புறமாவது சொல்லிருக்கலாம்ல?”

இப்போதுதான் அம்மா என்னைப் பார்த்தாள்.

“அந்த எட்ட வெச்சிகினுதானடி நீ அழாம இருந்த. அத எப்பிடி உங்கிட்டருந்து புடுங்குவேன்?”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. நீங்கள் இரண்டு பேரும் யார் என் சந்தோஷத்தைக் காப்பாற்ற, நான் கேட்டேனா, ஒரு வார்த்தை, கீழே என்கிற ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல ஒரு மனிதருக்கு அவ்வளவு கஷ்டமா என்று கத்தினேன். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் அப்பா வாயைத் திறந்து எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னார். என்னிடம்தான் சொன்னார். எனக்குப் புரியும் என்று நம்பிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் குடத்தோடு எட்டிப் பார்த்தார்கள். அம்மா டியூபை விட்டுவிட்டு வந்து என் வாயைப் பொத்தினாள், பிறகு பொத்திய கையாலேயே என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டாள். அப்பாவுக்காக நான் முதல்முறையாக அழுதது அன்றைக்குத்தான். தண்ணீர் நின்ற பிறகும் அழுதுகொண்டிருந்தேன். எனக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாம் அப்பா, என்னைக் கூப்பிட்டிருக்கலாம், நான் உள்ளேதானே இருந்தேன்.